என்றும் விழித்திருக்கும் தந்தையின் பிள்ளைகள்

கிழக்காசியாவில் ஒரு நாடு இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அப்படியொரு நாடு இல்லை என்று அந்த நாடே மறுப்பு வெளியிடும். அங்கே எத்தனை சனம் இருக்கிறது என்பது அரச இரகசியம். அந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டு என்பதும் இரகசியம். இந்த இரண்டும் இரகசியம் என்பதை வெளியில் சொல்வது குற்றம்.

என் மூத்த மகளின் கணவர் சச்சிதானந்தன் மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தில் சனத்தொகை பற்றிப் படிப்பிப்பவர். ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிற நாடுகள் எத்தனையோ இருக்க, இந்த நாட்டைத்தான் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்த நாடு மாதாமாதம் வெளியிடும் வண்ணச் சஞ்சிகையில், சனங்கள் வரிசையாக நின்று கை தட்டும் படங்கள் வரும். பூதக்கண்ணாடியை வைத்து அந்தத் தலைகளை எண்ணுவார். பிறகு கை தட்ட முடியாத கைக்குழந்தைகளையும் நோயாளிகளையும் ஊகத்தால் சேர்ப்பார். ஆறு வருட உழைப்பின் முடிவில், அந்த நாட்டின் சனத்தொகை ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் இரண்டு கோடியே முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்று நிறுவினார். மிகவும் அவதானமான முடிவு என்று அவருடைய பேராசிரியர் பாராட்டினார். என் வளவில் பதினொரு தென்னைக்கும் இருபத்துமூன்று தென்னைக்கும் இடையில் நிற்கிறது என்று ஒருவன் வந்து சொன்னால், எங்கள் பக்கத்தில் அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம். நான் கொடுத்தபோது சச்சிதானந்தன் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு குடிசன மதிப்பீடுகளை என் பகுதியில் மேற்பார்வை செய்தவன். எங்கள் ஆட்கள் வீட்டுப் படலை படலையாகப் போய், நாய்க்கடி வாங்கி, எண்ணிக்கொண்டு வந்தார்கள். பிழை வந்தால் திரும்பவும் அனுப்பினேன். ஆகவே எண்ணுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வரவேண்டாம்.

1978ஆம் ஆண்டு நாங்கள் மூவரும் மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில் இருந்தோம்: நான், மகள் சத்தியபாமா, சச்சிதானந்தன். என் இளைய மகள் விமலாதேவி ஊரில் இருந்தாள். அநுராதபுரத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். முந்திய ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த ஆவணிக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, சுழிபுரத்தில் ஒரு சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடமும் இல்லை, சம்பளமும் இல்லை. அவளை இங்கே எடுப்பதற்குத் தமக்கை பொறுப்பு நின்று விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்த விண்ணப்பத்தைத் தவிர வேறு பேச்சு எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இல்லை.

அந்த நேரத்தில்தான் அந்த நாடு, கோதுமை வாங்குவதற்கென்று, கியூ என்ற பகுதியில் ஒரு பெரிய செங்கல் வீட்டை எடுத்து வர்த்தகத் தூதரகம் திறந்தது. சச்சிதானந்தனுக்கு நித்திரை போய்விட்டது. உங்கள் நாட்டின் சனத்தொகை எவ்வளவு என்று தயவுடன் அறியத்தரமுடியுமா எனக் கேட்டு எழுதினார். நான்கு கிழமை கழித்துப் பதில் வந்தது.

“தங்கள் அன்பான விசாரணை கிடைத்தது. எங்கள் சனத்தொகை போதுமானது.”

இந்த ஒரு வரியை வைத்துப் பேராசிரியரும் அவரும் ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். அந்த நாட்டிலிருந்து வந்த முதலாவது நேரடித் தரவு அதுதானாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை விருந்துக்கு அழைப்பு வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் போக விருப்பமில்லை.

“மாமா, அவையள் ஒருத்தரையும் உள்ளுக்க விடுறேல்லை. எங்களைக் கூப்பிட்டிருக்கினம். நீங்கள் வராட்டி மரியாதைக் குறைவு எண்டு நினைப்பினம்” என்றார் சச்சிதானந்தன்.

“நான் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுறது எண்டு அவங்களுக்குத் தெரியுமே?”

“சொல்லியாச்சு மாமா.”

மரியாதை என்ற சொல்லைப் பாவித்தபடியால் போனேன்.

அந்த வீட்டில் இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர்களும் இரகசியம். முதலாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், மூன்றாம் செயலாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் எட்டுப் பேரும் சுவரோரமாக நின்றார்கள். சுவரில் அவர்களுடைய தலைவரின் படம் தொங்கியது. அவரை ‘என்றும் விழித்திருக்கும் தந்தை’ என்றுதான் சொல்லவேண்டுமாம். படத்திலும் அவருக்கு நித்திரைக் குறைவு தெரிந்தது.

எனக்குச் சோறும், கோவா இலையில் செய்த ஓர் ஊறுகாயும், அவித்த கிழங்கும் வந்தன. சாப்பிடக் குச்சி தந்தார்கள். குச்சியை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டுக் கையால் சாப்பிடத் தொடங்கினேன். முதலாம் செயலாளர் எழுந்து உரையாற்றினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“உங்கள் நாடுகளில் முதலில் சனங்களை எண்ணுகிறீர்கள். அதன் பிறகுதான் எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்குத் தெரியவருகிறது. ஓர் அரசாங்கம் தன் சனங்களின் வாசலில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது வெட்கக்கேடு. எங்கள் நாட்டில் தந்தை முதலில் எண்ணை அறிவிக்கிறார். சனங்கள் அந்த எண்ணுக்கு ஏற்றபடி இருக்கிறார்கள். எங்கள் கணக்கெடுப்பில் இதுவரை ஒரு பிழையும் வந்ததில்லை.”

“பிறப்பு, இறப்பு எல்லாம் எப்படிப் பதிவீர்கள்?” என்று சச்சிதானந்தன் ஆவலாகக் கேட்டார்.

“பிறப்பு திட்டத்தில் இருக்கிறது. இறப்பு திட்டத்தில் இல்லை.”

“என்றாலும் ஆட்கள் சாவார்கள் அல்லவா?”

முதலாம் செயலாளர் இரண்டாம் செயலாளரைப் பார்த்தார்.

“எங்கள் வைத்தியர்கள் மிகத் திறமையானவர்கள்” என்றார் இரண்டாம் செயலாளர்.

“நோயாளிகளும் ஒழுக்கமானவர்கள்” என்றார் மூன்றாம் செயலாளர்.

சச்சிதானந்தன் இதைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

நான் பாதிச் சோறு சாப்பிட்டிருப்பேன். உள்ளே எங்கேயோ ஒரு மணி அடித்தது. எல்லோரும் விறைத்து நின்றார்கள். அன்றைக்கு அவர்களுடைய நாட்டில் கணக்கெடுப்பு நாளாம். உலகம் முழுவதும் அவர்களுடைய ஆட்கள் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் அந்த மணிக்கு எண்ணப்படவேண்டுமாம். முதலாம் செயலாளர் எங்களை நோக்கிக் குனிந்தார்.

“சனத்தொகை எண்ணப்படப் போகிறது. வெளியார் பார்க்கக்கூடாது. விருந்தினர்கள் தயவுசெய்து ஐந்து நிமிடம் தோட்டத்தில் நிற்கவேண்டும்.”

சத்தியபாமா எழும்பினாள். நான் அவளைப் பார்த்தேன். திரும்ப இருந்தாள்.

“அப்பா, ஐஞ்சு நிமிசம்தானே.”

“பிள்ளை, சோத்துக் கையோட ஒருத்தரை எழுப்பி வளவுக்க விடுறது எங்கட ஆக்களுக்குச் செய்யிற வேலையில்லை. சாப்பிட்டு முடிய எழும்புவம்.”

“மாமா சொல்லுறது சரிதான்” என்றார் சச்சிதானந்தன். அவருக்குக் கணக்கெடுப்பைப் பார்க்கும் ஆசை. என் மானம் அவருக்கு வசதியாக வந்து சேர்ந்தது.

அழைத்தவன் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழும்புவது இரண்டு பேருக்கும் அவமானம். இதை நான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னேன். முதலாம் செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று செயலாளர்களும் தலையைச் சேர்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். அதன் பிறகு யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.

மூன்றாம் செயலாளர் சுற்றி வந்தார். ஒவ்வொருவர் தோளிலும் இரண்டு விரலால் தொட்டு எண்ணினார். நின்றவர்கள் பதினொரு பேர். பிறகு மேசைக்கு வந்தார். சச்சிதானந்தனைத் தொட்டார், சத்தியபாமாவைத் தொட்டார். நான் கிழங்கைப் பிசைந்துகொண்டிருக்கும்போது என் தோளிலும் தொட்டார். “பதினாலு” என்று அவர் சொன்னபோது அவருடைய கண்ணில் நீர் வழிந்தது. எல்லோரும் கை தட்டத் தொடங்கினார்கள். முதலில் நிறுத்துகிறவர் யாராக இருக்கவும் அங்கே ஒருவரும் விரும்பவில்லை. என் சோறு ஆறிவிட்டது.

அந்தக் கண்ணீரின் காரணம் பிற்பாடுதான் தெரியவந்தது. தலைநகரம் அந்த வீட்டுக்கு அறிவித்திருந்த சனத்தொகை பதினாலு. அதில் மூன்று பேர் பக்கத்து நகரமான ஜீலோங்குக்குக் கம்பளிக் களஞ்சியம் பார்க்கப் போய்த் திரும்பி வரவில்லை. அதை மேலே அறிவித்தால் தந்தையின் எண் பிழை என்று ஆகும். அறிவிக்காமல் விட்டால் கணக்கெடுப்பு நாளில் பதினொன்றுதான் வரும். நாங்கள் மூவரும் கையில் சோற்றோடு அவர்களுடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து, விமலாதேவியின் விண்ணப்பம் தொடர்பாக விசா அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். மூவரும் போனோம். அந்த அலுவலகத்தின் முழுப் பெயரையும் நான் எழுதவில்லை. டோயில் என்ற அதிகாரி எங்களை இருத்தினார். சிவந்த முகம், நல்ல பண்பான குரல். என் பெயர் அம்பலவாணர். அவர் ‘மிஸ்டர் அம்பா’ என்றார்.

“ஒரு சின்னச் சிக்கல். நீங்கள் மூவரும் இன்னொரு நாட்டின் பிரசைகள் என்று அந்த நாட்டின் அரசாங்கம் எங்களுக்கு அறிவித்திருக்கிறது.”

எந்த நாடு என்றும் சொன்னார். சச்சிதானந்தன் சிரித்தார். டோயில் சிரிக்கவில்லை.

“எங்களிடம் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது” என்றேன்.

“இருக்கிறது. அதை மறைப்பதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.”

“நாங்கள் அங்கே சாப்பிடப் போனோம். அவ்வளவுதான்.”

“மிஸ்டர் அம்பா, அந்த நாடு எங்களுக்கு இதுவரை தந்த ஒரேயொரு தகவல் இது. இதை நம்பாவிட்டால் இனி ஒன்றும் தரமாட்டார்கள் என்று மேலிடம் அஞ்சுகிறது.”

“அப்படியானால் நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?”

“இல்லவே இல்லை. நீங்கள் ஒரு தனி மனிதர். தனி மனிதர் தவறு விடலாம். அது ஓர் அரசாங்கத்தின் குடிசன மதிப்பீடு.”

பிறகு விடயத்துக்கு வந்தார். விமலாதேவியின் தகப்பன் பெயர் அம்பலவாணர். அவளுக்குப் பொறுப்பு நிற்கும் சத்தியபாமாவின் தகப்பன் பெயர், அந்த நாட்டின் பதிவின்படி, என்றும் விழித்திருக்கும் தந்தை. அங்கே எல்லோருக்கும் தகப்பன் அவர்தானாம். வேறு தகப்பன் பெயரை எழுத அவர்களுடைய பதிவில் இடமில்லை.

“எனவே இரண்டு பேரும் சகோதரிகள் என்று எடுக்கமுடியாமல் இருக்கிறது” என்றார் டோயில்.

“பிறப்புப் பத்திரம் தந்திருக்கிறோமே” என்றாள் சத்தியபாமா.

“பார்த்தேன். அது சிலோன் என்ற நாட்டின் பத்திரம். அப்படியொரு நாடு இப்போது எங்கள் பட்டியலில் இல்லை.”

டோயில் தொண்டையைச் செருமினார்.

“மிஸ்டர் அம்பாவுக்கும் தகப்பன் அவர்தான். மிஸ்டர் சச்சிக்கும் அவர்தான். அதாவது நீங்கள் மூவரும் உடன்பிறப்புகள். உடன்பிறப்புகள் மணம் முடிப்பது இந்த மாநிலத்தில் குற்றம். அதைப்பற்றி நான் இப்போதைக்கு ஒன்றும் எழுதவில்லை.” இதை அவர் அன்போடுதான் சொன்னார்.

என் தகப்பனார் சுழிபுரத்தின் ஊர்த் தலைமைக்காரர், விதானையார் கதிர்காமர். அவர் வரும்போது சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். என் மகளின் கலியாணம் மூன்று கோயில் பிரமுகர்கள் முன்னிலையில் நடந்தது. ஒரு தட்டுச் சோற்றுக்காக அந்தக் கதிர்காமரை அழித்துவிட்டு ஒரு சுவர்ப்படத்தை எழுதினார்கள். அதை ஒரு வெள்ளைக்காரன் எனக்கே வாசித்துக் காட்டினான்.

வீட்டுக்கு வந்தோம். குசினியில் சத்தியபாமா அடுப்பை மூட்டினாள். சச்சிதானந்தன் நிலைமையை இலேசாக்க நினைத்து, “இண்டைக்கு என்ன கறி, தங்கச்சி?” என்றார்.

அவள் அகப்பையை நிலத்தில் எறிந்தாள்.

“பகிடியே உங்களுக்கு? அங்க விமலா ஒரு சேலையோட சித்தப்பா வீட்டுத் தாவாரத்தில கிடக்கிறாள். சனம் எண்ணுறன் எண்டு வெளிக்கிட்டு எங்களையும் சனத்தில சேத்துப்போட்டு நிக்கிறியள்.”

“நானே சேத்தனான்? மாமாதானே எழும்பமாட்டன் எண்டவர்.”

“சச்சி, அதே மேசையில இப்ப இருத்தினாலும் நான் எழும்பன்” என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சச்சிதானந்தன் பேராசிரியரிடம் உதவி கேட்டார். அந்த நாட்டின் கணக்குப் பிழை என்று பல்கலைக்கழகம் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். பேராசிரியர் எழுந்து வந்து அவருடைய கையைக் குலுக்கினாராம். உறுதிப்படுத்தப்பட்ட எண் ஒன்று அந்த நாட்டிலிருந்து கிடைத்திருப்பது இதுதான் முதல் தடவையாம். பதினாலு. இதற்கு மேல் எண் துல்லியமாக இருக்கமுடியாதாம்.

“ஆனால் அதில் மூன்று பேர் நாங்கள்” என்றாராம் சச்சிதானந்தன்.

“அதனால்தான் நீங்கள் வெளியே வரக்கூடாது. தான் ஆராயும் சனத்தொகையை ஓர் ஆராய்ச்சியாளர் மாற்றுவது ஒழுக்கமல்ல.”

அந்த எண்ணைப் பற்றிய கட்டுரையைச் சிட்னியில் நடந்த மாநாட்டில் பேராசிரியர் வாசித்தார். மதிய உணவு நன்றாக இருந்ததாகக் கேள்விப்பட்டோம்.

ஆகவே கியூவுக்கே போனோம். எங்கள் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். தயவாகக் கேட்கவில்லை.

முதலாம் செயலாளர் தேநீர் வரவழைத்தார். “எடுப்பது என்றால்?” என்றார்.

“கழிப்பது.”

“எங்கள் பள்ளிக்கூடங்களில் கழித்தல் படிப்பிப்பதில்லை. பழைய அரசர்கள் காலத்துக் கொடுமைகளில் ஒன்றாகச் சரித்திர பாடத்தில் வருகிறது. ஐயா, நான் மனம் திறந்து பேசுகிறேன். எங்கள் நாட்டிலிருந்து ஒருவரும் வெளியேறியதில்லை. ஏனென்றால் வெளியேற ஒருவரும் விரும்பியதில்லை. விரும்பியவர்கள் எல்லையில் காவலாளிகளால் மனம் திருத்தப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் மூவரும் வெளியேறினால் நாங்களும் மனம் திருத்தப்படுவோம்.”

மூன்றாம் செயலாளர் தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றார். கோப்பைகள் கிலுங்கின.

“அப்படியானால் என் தகப்பன் பெயரையாவது திருப்பித் தாருங்கள்.”

முதலாம் செயலாளர் யோசித்தார். “அடிக்குறிப்பில் போடலாம்” என்றார். “ஆனால் அதற்கு என்றும் விழித்திருக்கும் தந்தையின் ஒப்புதல் வேண்டும். அவர் இப்போது ஓய்வெடுக்கிறார்.”

எழுந்து வந்துவிட்டோம். அந்தக் கிழமை விமலாதேவியிடமிருந்து ஒரு நீல விமானக் கடிதம் வந்தது. சித்தப்பாவின் மருமக்கள் வருகிறார்களாம், அறை தேவைப்படுகிறதாம். மற்றப்படி எல்லோரும் நல்ல சுகம், அப்பா ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

மீண்டும் டோயிலிடம் போனோம். கோப்பைத் தான் மூடப்போவதாகச் சொன்னார். மூடுவதற்கு முன் ஒரு நடைமுறை இருந்தது. தூதரகம் எங்கள் மூவரையும் நேரில் காட்டி, இவர்கள் எங்களவர்கள் என்று அதிகாரி முன்னிலையில் உறுதிப்படுத்தவேண்டும். அப்படி உறுதிப்படுத்தினால் விமலாதேவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

“அவையள் ஓம் எண்டுதானே சொல்லப்போகினம்?” என்று சத்தியபாமா என்னிடம் தமிழில் கேட்டாள்.

“அவையள் வேற என்னத்தைப் பிள்ளை சொல்லுறது. ஆனா வராமல் விட்டா ஓடி ஒளிச்சம் எண்டுவாங்கள். போவம்.”

தூதரகம் ஒரு புதன்கிழமையைக் குறித்தது. ஏன் அந்தப் புதன்கிழமை என்று போன பிறகுதான் தெரிந்தது. அன்று தலைநகரத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். பதினாலு பேர் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. சிறிய மனிதர். வெந்நீர்ப் போத்தல் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் அறைக்குள் வந்தபோது முதலாம் செயலாளரின் உயரம் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

டோயில் எங்களுக்கு அடுத்ததாக மேசையில் இருத்தப்பட்டார். தேநீரும் எள்ளு விசுக்கோத்தும் வந்தன. எங்களை முதலாம் செயலாளர் விரலால் காட்டினார். “எங்களவர்கள்” என்றார். டோயில் விசுக்கோத்தைக் கடித்தபடி சரியென்று ஓர் அடையாளம் போட்டார். இவ்வளவுதான் விமலாதேவியின் வாழ்க்கை என்று நினைத்தேன்.

அப்போது பரிசோதகர் ஒரு தாளை விரித்து வாசித்தார். இரண்டாம் செயலாளர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

“தந்தையின் தீர்க்கதரிசனத்தின்படி, வெளிநாடுகளில் உள்ள எங்கள் ஒவ்வொரு வீட்டினதும் சனத்தொகை இந்த ஆண்டு ஒருவரால் கூடியிருக்கிறது. இந்த வீட்டின் சனத்தொகை பதினைந்து. எண்ணுங்கள்.”

மொழிபெயர்த்தவரின் குரல் கடைசிச் சொல்லில் இறங்கிவிட்டது. மணி அடித்தது. மூன்றாம் செயலாளர் சுவரோரம் தொடங்கினார். பதினொன்று. சத்தியபாமா பன்னிரண்டு. சச்சிதானந்தன் பதின்மூன்று. நான் பதினாலு. பரிசோதகர் வெந்நீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே காத்திருந்தார். மூன்றாம் செயலாளர் என் பின்னால் கொஞ்சம் நின்றார். பிறகு ஓர் அடி எடுத்து வைத்து, வாய் நிறைய விசுக்கோத்தோடு இருந்த டோயிலின் தோளில் இரண்டு விரலால் தொட்டார்.

“பதினைந்து.”

எல்லோரும் கை தட்டினார்கள். மரியாதைக்காக டோயிலும் தட்டினார். நன்றாக உரத்துத் தட்டினார். நாங்கள் மூவரும் தட்டவில்லை.

“இவை இண்டைக்கு என்ன கொண்டாட்டம் வைச்சிருக்கினம் எண்டு டோயிலுக்குத் தெரியேல்லைப் போல” என்றார் சச்சிதானந்தன் மெல்ல.

“சொல்லாதையும்” என்றேன்.

பேராசிரியர் அந்த நாட்டின் வருடாந்த வளர்ச்சி வீதம் ஏழுக்கு மேல் என்று அடுத்த கட்டுரை எழுதினார். ஆசியாவிலேயே அதுதான் உயர்ந்ததாம்.

ஐந்து கிழமை கழித்து, அந்த நாட்டின் புதிய அறிவிப்பு டோயிலின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பதினைந்தாவது பெயர் டோயில். தகப்பன்: என்றும் விழித்திருக்கும் தந்தை. அறிவிப்பு ஒரு பிற்பகல் வந்ததாகவும், மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒரு புதிய விதி பிறந்ததாகவும் அங்கே வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளை எங்களுக்குச் சொன்னாள். எங்களுக்கு மாதக்கணக்காகக் கிடைக்காத விதி. அந்த நாட்டின் கணக்கெடுப்பை நம்பத் தேவையில்லை என்றது அது. ஆனால் ஒரு வரி இருந்தது. இந்த விலக்கு அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் விடயத்தில் அந்தக் கணக்கு முன்போலவே துல்லியமானதாகக் கருதப்படும்.

சத்தியபாமா அதைக் கேட்டு அழுதாள். சச்சிதானந்தன் வழக்கறிஞரிடம் போவோம் என்றார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

“எங்க அப்பா?”

“சொந்தக்காரரைப் பாக்க.”

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அலுவலகத்தில் நல்ல சனம். கிரேக்கர், யூகோஸ்லாவியர், இரண்டு மலேசியத் தமிழ்க் குடும்பங்கள். டோயில் கண்ணாடிக்குப் பின்னால் தன் மேலதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினேன். என் ஆங்கிலம் கச்சேரியில் வெள்ளைக்காரத் துரைமாருடன் பேசிய ஆங்கிலம். கடைசி வாங்கில் குந்தியிருப்பவருக்கும் கேட்கும்.

“காலை வணக்கம், தம்பி.”

டோயில் திரும்பினார். நான் தொடர்ந்தேன்.

“எங்கள் தந்தை சுகமாக இருக்கிறாரா? உமக்குக் கடிதம் போட்டாரா? எனக்குப் போடவில்லை. கடைக்குட்டி என்றபடியால் உம்மில்தான் அவருக்குப் பாசம்.”

மேலதிகாரி டோயிலைப் பார்த்தார். டோயிலின் சிவந்த முகம் காதுவரை போனது.

“மிஸ்டர் அம்பா, இங்கே இதைப் பேச…”

“நான் வேறு எங்கே பேசுவது? குடும்பத்தில் நான் மூத்தவன். நீர் என்னோடு ஒரே மேசையில், ஒரே கூரையின் கீழ், ஒரே மணிக்கு எண்ணப்பட்டீர். கை தட்டினீர். ஊரிலே எங்களுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், விமலாதேவி. அவளுடைய கோப்பு உம்மிடம் இருக்கிறது. அவள் உமக்குத் தங்கை இல்லையென்றால் எனக்கும் தங்கை இல்லை. எனக்குத் தங்கை இல்லையென்றால் அவள் என் மகள். இரண்டில் ஒன்றை இந்தப் பெரியவர் முன்னால் சொல்லும்.”

வரிசையில் நின்ற மலேசியத் தமிழர் ஒருவர், “ஐயா சொல்றது லாஜிக்தான்” என்றார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தாள்.

மேலதிகாரி மெதுவாகக் கேட்டார்: “டோயில், இவர் எந்த மேசையைச் சொல்கிறார்?”

டோயில் தான் வாயில் விசுக்கோத்தோடு எண்ணப்பட்டதை மேலே சொல்லியிருக்கவில்லை. தன் பெயரை மட்டும் மறைத்துவிட்டு விதியை எழுதியிருக்கிறார். அதை அந்தக் கணத்தில் நான் தெரிந்துகொண்டேன். நான் தெரிந்துகொண்டதை அவரும் தெரிந்துகொண்டார்.

“ஒரு சின்னக் கோப்புப் பிழை” என்றார் டோயில் மேலதிகாரியிடம். “இப்போதே சரிசெய்கிறேன்.”

கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கவுமில்லை. நின்றபடியே சத்தியபாமாவின் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் அம்பலவாணர் என்று எழுதினார். இந்தத் தடவை எழுத்துப்பிழைகூட இல்லை. என் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் கதிர்காமர் என்று எழுதும்வரை நான் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு விமலாதேவியின் தாளில் முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் கேட்டு வாங்கில் இருந்த ஒரு குழந்தை விழித்துக்கொண்டது.

நீதி என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் இருந்திருந்தால், என் மகளின் தகப்பன் நான் என்பதற்கு என் சொல் போதுமாக இருந்திருக்கும். எங்கள் வேலையை முடித்தது ஓர் அதிகாரியின் வெட்கம். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்போல இருந்தது. தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

எங்கள் ஆட்கள் யாருடைய வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு கோபமாக இருந்தாலும், “போட்டு வாறன்” என்று சொல்லாமல் வெளிக்கிடுவதில்லை. செத்தவீட்டில் மட்டும்தான் சொல்லமாட்டோம். காரியம் முடிந்ததும் பேசாமல் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவோம்.

நான் தாளை மடித்து உள்பையில் வைத்தேன். தொப்பியைப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன்.